மார்சேயில் மூன்று நாட்கள்: வாசகர் கேள்வி – பதில்

பிரான்சின் தென்கரையில் உள்ள மார்சேய் துறைமுக நகரைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் பயணத் திட்டம் குறித்து அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பாரிசில் மேற்படிப்பு படிக்கும் மகளைக் காண மே மாதம் செல்கிறோம். இடையில் மூன்று நாட்கள் மார்சேய் சென்றுவர விருப்பம். போகிற போக்கில் நீஸ், அவிஞ்ஞோன் ஆகிய ஊர்களையும் பார்த்துவிடலாம் என்கிறாள் மகள். என் கணவருக்கு மூட்டுவலி உண்டு. நாட்களை எப்படிப் பிரித்துக்கொள்வது?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: மூன்று நாட்களில் மூன்று ஊர்கள் என்று வைத்துக்கொண்டால், பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் நிலையங்களைப் பார்த்ததுதான் மிச்சமாகும். மூன்று நாட்களையும் மார்சேய்க்கே கொடுங்கள் என்பதே எங்கள் யோசனை. அதற்குக் காரணம் அந்த ஊரின் காற்று. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக வடமேற்கிலிருந்து இறங்கும் மிஸ்த்ரால் என்னும் காற்று, வானம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் நாளிலும் திடீரென்று வீசத் தொடங்கிப் படகுகளை நிறுத்திவிடும். ஆகவே இன்ன நாளில் இன்ன இடம் என்று ஊரில் உட்கார்ந்தே எழுதிவைப்பதைவிட, கடலோடு தொடர்புள்ள இடங்கள் ஒரு பட்டியல், கூரைக்குக் கீழ் பார்க்கக்கூடியவை ஒரு பட்டியல் என வைத்துக்கொண்டு, காற்றில்லாத முதல் நாளே கடலுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம். படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைத்தவர்கள் பலர் கரையிலிருந்தே தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

பாரிசின் கார் த லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் மார்சேயின் சேன் ஷார்ல் நிலையத்தை அடைகிறது. பயணச்சீட்டை எவ்வளவு முன்னதாக வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு. விகோ (Ouigo) என்ற குறைந்த கட்டண ரயிலில் செல்வதானால், பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நிலையத்தின் முன்னே 104 படிகள் கொண்ட புகழ்பெற்ற படிக்கட்டு இருக்கிறது. மேலே நின்று பார்த்தாலே ஊர் முழுவதும் விரியும். மூட்டுவலி உள்ளவர் அதில் இறங்க வேண்டியதில்லை, நிலையத்துக்கு அடியிலேயே மெட்ரோ இருக்கிறது. இரண்டு நிறுத்தங்களில் பழைய துறைமுகத்துக்குப் போய்விடலாம்.

முதல் நாள் பிற்பகலைப் பழைய துறைமுகத்தைச் சுற்றியே கழிக்கலாம். கி.மு. 600 வாக்கில் சின்ன ஆசியாவின் ஃபோக்கேயாவிலிருந்து வந்த கிரேக்கர்கள் குடியேறிய இயற்கைத் துறைமுகம் இதுதான். வடகரையில் வரிசையாக நிற்கும் கட்டடங்கள் ஏன் இவ்வளவு புதியனவாக இருக்கின்றன என்று உங்களுக்குத் தோன்றும். 1943 ஜனவரியில் ஜெர்மானியப் படை, பிரெஞ்சுக் காவல்துறையின் உதவியோடு அங்கு வாழ்ந்த சுமார் 20,000 பேரை வெளியேற்றியது. அடுத்த மாதத்தில் அந்தப் பகுதி முழுவதும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் நகரமன்றக் கட்டடம் போன்ற சில மட்டுமே தப்பின. அந்த நகரமன்றத்துக்கு எதிரிலிருந்து அக்கரைக்கு ஒரு சிறு படகு ஓடுகிறது. கடக்கும் தூரம் 283 மீட்டர்தான் என்றாலும், துறைமுகத்தை நடுநீரிலிருந்து பார்க்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

மறுநாள் காலை எட்டு மணிக்குமேல் துறைமுகத்தின் உட்கோடியில் மீன் சந்தை கூடும். ஏழெட்டு மேசைகள், நீலத் தட்டுகளில் ஆழமில்லாத தண்ணீர், அதில் இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருக்கும் முள் நிறைந்த சிவப்புத் தேள்மீன்கள், ரப்பர் காலணியோடு நின்று கூவி விற்கும் பெண்கள். இது சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் காட்சி அன்று, கரையில் கட்டியிருக்கும் படகிலிருந்து நேரே வந்த மீன். அதைப் பார்த்துவிட்டு, காற்று அமைதியாக இருந்தால், அங்கிருந்தே இஃப் தீவுக்கும் ஃப்ரியூல் தீவுகளுக்கும் செல்லும் படகில் ஏறிவிடுங்கள். இஃப் கோட்டையை முதலாம் பிரான்சுவா மன்னர் 16ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தார். பின்னர் அது சிறையாயிற்று. அலெக்சாந்தர் டூமா தம் மான்டி கிறிஸ்டோ நாவலின் நாயகனை இங்கே அடைத்துவைத்ததால் உலகப் புகழ் பெற்றது. கடல் சற்றே கொந்தளித்தாலும் படகு இஃபில் அணையாமல் நேரே ஃப்ரியூலுக்குப் போய்விடும் என்பதால், சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் படிகள் ஏராளம். உங்கள் கணவருக்கு ஃப்ரியூல் துறையில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருப்பதே கூடுதல் இன்பமாக இருக்கக்கூடும்.

ஊரின் எந்த மூலையிலிருந்தும் கண்ணில் படும் நோத்ர் டாம் த லா கார்ட் பேராலயம் சுமார் 150 மீட்டர் உயரக் குன்றின்மேல் நிற்கிறது. நடந்து ஏற வேண்டாம். பழைய துறைமுகத்திலிருந்து 60ஆம் எண் பேருந்து மேலேவரை செல்கிறது. அதற்குப் பிறகும் சில படிகள் உண்டு. 1864இல் அர்ச்சிக்கப்பட்ட இந்த ஆலயத்தின் உச்சியில் பொன்முலாம் பூசிய மாதா சிலை நிற்கிறது. உள்ளே கூரையிலிருந்து சிறுசிறு கப்பல் மாதிரிகள் தொங்குகின்றன. சுவரெங்கும் நன்றிக் கல்வெட்டுகள். கடலில் பிழைத்து வந்தவர்களின் நேர்த்திக்கடன் இவை. வேளாங்கண்ணியின் காணிக்கைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு விளக்கமே தேவைப்படாது. வெளிச்சுவரில் 1944 ஆகஸ்டில் நகரை மீட்க நடந்த சண்டையின் குண்டுத் தடங்கள் இன்னும் இருக்கின்றன. காற்று பலமாக உள்ள நாளில் மட்டும் அங்கே போகாதீர்கள். மேல்தளத்தில் நிற்கவே முடியாது.

காற்று நாளுக்கு உரியது ம்யூசெம் என்னும் மத்தியதரைக்கடல் நாகரிகங்களின் அருங்காட்சியகம். மார்சேய் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராக விளங்கிய 2013இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ருடி ரிச்சோத்தி, கற்காரையையே சல்லடைத் துணிபோல் நெய்து சுவராக்கியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மூட்டுவலிக்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை: மின்தூக்கியில் மொட்டைமாடிக்குப் போனால், அங்கிருந்து ஒரு நடைபாலம் சேன் ஜான் கோட்டைக்கும், கோட்டையிலிருந்து இன்னொரு நடைபாலம் லெ பனியே என்னும் பழைய குடியிருப்புக்கும் இட்டுச்செல்கின்றன. கீழேயிருந்து ஏறினால் மூச்சு வாங்கும் மேட்டை இப்படிச் சுலபமாக எட்டிவிடலாம். பனியேவின் குறுகிய சந்துகளில் சுவரோவியங்களையும் சோப்புக் கடைகளையும் கடந்து சென்றால் வியேய் ஷாரித்தே வரும். 17ஆம் நூற்றாண்டில் பியர் புஜே வரைந்த திட்டப்படி ஏழைகளை அடைத்துவைக்கக் கட்டப்பட்ட இல்லம். மூன்றடுக்கு வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த அதன் முற்றத்துக்குக் கட்டணம் இல்லை. மார்சேயில் எங்களுக்கு மிகப் பிடித்த கட்டடம் எது என்று கேட்டால் பேராலயத்தைவிட இதைத்தான் சொல்வோம்.

தங்குவதற்குப் பழைய துறைமுகத்துக்கும் கஸ்தெலான் சதுக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதி ஏற்றது. அங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் மின்தூக்கி இருக்காது. அறை பதிவு செய்யும்போது எத்தனையாவது மாடி என்று கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி: பாரிசில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு மார்சேய் செல்ல இருக்கிறோம். விசாவுக்கு எங்கே, எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?
– வாசகர், மயிலாப்பூர், சென்னை

பதில்: பிரான்சுக்குச் செல்ல, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களாவது இருக்க வேண்டும் என்பது விதியென்றாலும், கோடை நெருங்க நெருங்க நேர்முகத் தேதி கிடைப்பதே அரிதாகிவிடும் என்பதால் மூன்று மாதம் முன்னரே தொடங்கிவிடுங்கள். பிரான்ஸ் விசாஸ் இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, விசா விண்ணப்பங்களைப் பெறும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் மையத்தில் நேரில் ஆவணங்களையும் கைரேகையையும் தர வேண்டும். பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

உறவினர் வீட்டில் தங்குவதாகக் காட்டினால், அவர் தம் ஊர் நகரமன்றத்தில் விருந்தினர் ஏற்புச் சான்று பெற்று அதன் அசலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். வீட்டின் பரப்பளவையும் வருமானத்தையும் அங்கே சரிபார்ப்பார்கள். வாரக்கணக்கில் இழுக்கவும் செய்யும். ஒற்றை அறையில் இருக்கும் மாணவர்களால் இதைப் பெறுவது கடினம் என்பதால், அத்தகையோரின் பெற்றோர் விடுதிப் பதிவையே காட்டிவிடுவது நல்லது. எப்படியானாலும், பயணத்தின் ஒவ்வோர் இரவுக்கும் எங்கே தங்குகிறீர்கள் என்பதற்குச் சான்று இருக்க வேண்டும். பாரிஸ் நாட்களுக்கு மட்டும் தாள் வைத்துவிட்டு மார்சேய் நாட்களை மறந்துவிடும் விண்ணப்பங்கள்தாம் பெரும்பாலும் சந்தேகத்தைக் கிளப்புகின்றன. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவுசெய்யும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது; எனவே விமான நிலையத்தில் இறங்கியதும் ரயிலைப் பிடிக்கும்படி நேரத்தை நெருக்கி வைக்காதீர்கள்.

கேள்வி: மார்சேய் என்றாலே மீன் என்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம். மூன்று நாட்கள் பிஸ்கட்டை வைத்துத்தான் ஓட்ட வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அப்படியொன்றும் இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். முதலில் நல்ல செய்தி: கொண்டைக்கடலை மாவைக் களிபோல் கிளறி, ஆறவைத்து, வட்டமாக நறுக்கி எண்ணெயில் பொரிக்கும் பனிஸ் என்ற பண்டம் மார்சேயின் சொந்தச் சரக்கு. வடக்குக் கரையிலுள்ள லெஸ்தாக் என்ற பழைய மீனவர் குடியிருப்பில் சாலையோரக் கடைகளில் காகிதக் கூம்பில் சுடச்சுடத் தருவார்கள். மேலே மிளகுத்தூளைத் தூவிக் கொடுத்தால் எந்தக் கும்பகோணத்துக்காரரும் இரண்டாவது கூம்பு கேட்பார்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பார்வைக்குச் சைவமாகத் தெரிபவற்றில்தான். ஆலிவ் காயை அரைத்துச் செய்யும் தப்பனாத் துவையலில் நெத்திலி வகை மீன் சேர்ப்பதே வழக்கம். துளசிவகை இலையும் பூண்டும் அரைத்துக் கலக்கும் பிஸ்து சூப்பில் காய்கறியும் பயறும்தான் இருக்கும். எனினும் சில கடைகளில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள், பாலாடைக்கட்டியும் கலப்பார்கள். மார்சேயின் வழக்கமான பீட்சாவில் ஒரு பாதியில் மீன் இருக்கும். நோவாய் சந்தைப் பகுதியில் அல்ஜீரிய, துனிசியக் கடைகளில் காய்கறி கூஸ்கூஸ் என்ற கோதுமை ரவை உணவு கிடைக்கும். காய்கறி சைவம், அதை வேகவைத்த சாறு இறைச்சியுடையதாக இருக்கலாம். ‘சான் வியாந்த், சான் புவாசோன்’, அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் மீனைச் சைவத்தோடு சேர்த்துவிடுவார்கள். பாரிசைத் தொட்டுச் செல்பவராக இருந்தால், லா ஷப்பெல் பகுதியில் உள்ள ஈழத்தமிழர் கடைகளில் பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். மதிய உணவு இரண்டு மணிக்கு முடிந்துவிடும், இரவு உணவு ஏழரைக்கு முன் தொடங்காது. இடையில் பசித்தால் ரொட்டிக் கடைதான்.

அசைவ வாசகர்களுக்கு ஒரு சொல்: புயாபேஸ் என்னும் மீன்குழம்பை மலிவாக எழுதிவைத்திருக்கும் துறைமுகக் கடைகளை நம்பாதீர்கள். அதைக் காப்பாற்ற 1980இல் உணவக உரிமையாளர்கள் சிலர் ஒன்றுகூடி ஓர் ஒப்பந்தமே எழுதினார்கள். அதன்படி குறைந்தது நான்கு வகைக் குறிப்பிட்ட மீன்கள் இருக்க வேண்டும், முதலில் சாறும் பிறகு மீனுமாகப் பரிமாற வேண்டும். ஒழுங்காகச் செய்யும் கடையில் ஒரு நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும், விலையும் கடுமைதான்.

கேள்வி: மார்சேயில் திருட்டு பயம் அதிகம் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: செய்திகளில் வரும் போதைப்பொருள் மோதல்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் செல்லாத வடபுறக் குடியிருப்புகளில் நடப்பவை. உங்களுக்கு உண்மையான ஆபத்து மெட்ரோவிலும் நோவாய் சந்தை நெரிசலிலும் நடக்கும் பிக்பாக்கெட்தான். பாஸ்போர்ட்டை விடுதிப் பெட்டகத்தில் வைத்து நகலோடு நடமாடுங்கள். உணவக மேசைமேல் செல்போனை வைக்காதீர்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் பாரிசுக்கு ஓட வேண்டிய நிலை இப்போது இல்லை: 2025 பிப்ரவரியில் மார்சேயிலேயே இந்தியத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது.

கேள்வி: கலாங்க் என்னும் கடற்கரைப் பாறைக் குடாக்களில் மலையேற்றம் செய்ய ஆசை. ஜூலையில் செல்கிறேன். அரைநாளில் முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தூரத்தைப் பொறுத்தவரை முடியும். மார்சேய்க்கும் கசிஸ் என்ற ஊருக்கும் இடையே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் கடலுக்குள் இறங்கும் இந்தப் பகுதி 2012இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. லூமினி பல்கலைக்கழக வளாகம்வரை நகரப் பேருந்தில் போய், அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் நடந்தால் சூஜித்தோன் குடா. சிக்கல் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் பாதைகளைத் திறப்பதா மூடுவதா என்று முந்தைய மாலையில் அறிவிப்பார்கள். காற்று வீசும் நாளில் மூடுவது ஏறக்குறைய உறுதி. அதோடு சூஜித்தோனுக்குக் கோடையில் முன்பதிவு கட்டாயம். கட்டணம் இல்லை, ஆனால் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வழியில் நிழலும் இல்லை, குடிநீரும் இல்லை. மாதத்தை மாற்ற முடியுமானால் ஏப்ரல், மே அல்லது அக்டோபருக்கு மாற்றுங்கள்.

பாதை மூடப்பட்டால் மனம் உடைய வேண்டாம். இதே கலாங்க் பாறைகளில், கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே வாயிலைக் கொண்ட ஒரு குகையை முக்குளிப்பாளர் ஆன்ரி கொஸ்கே கண்டுபிடித்து 1991இல் வெளியுலகுக்கு அறிவித்தார். பனியூழிக் காலத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தபோது மனிதர் நடந்தே உள்ளே சென்று, குதிரைகளையும் கடல்நாய்களையும் தங்கள் கைத்தடங்களையும் சுவரில் பதித்திருக்கிறார்கள். கடல்மட்டம் உயர்ந்துவருவதால் அந்த ஓவியங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. குகைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதன் முழு நகலை 2022இல் ம்யூசெமுக்குப் பக்கத்திலேயே திறந்திருக்கிறார்கள்.

கேள்வி: இந்திய வரலாற்றோடு தொடர்புடைய இடங்கள் அங்கு உண்டா?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், காரைக்கால்

பதில்: உங்கள் ஊர்க்காரருக்கு இந்தக் கேள்வி தோன்றுவது இயல்பே. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பிரான்சின் கிழக்கத்திய வாசலாக இருந்தது மார்சேய்தான்; புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரான்சுக்குக் கப்பலேறிய அதிகாரிகளும் சிப்பாய்களும் மாணவர்களும் முதலில் மிதித்த பிரெஞ்சு மண் பெரும்பாலும் இந்தத் துறைமுகம்தான். அந்தக் காலத்துப் பெருமிதத்தை இன்றும் மறைக்காமல் காட்டுவது சேன் ஷார்ல் நிலையத்தின் படிக்கட்டு. அதன் அடியில் இருபுறமும் ‘ஆசியக் குடியேற்றங்கள்’, ‘ஆப்பிரிக்கக் குடியேற்றங்கள்’ என்று பெயர் பொறித்து, சாய்ந்து படுத்த இரண்டு பெண்களாக நம்மைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1920களின் வேலை. பயணிகள் பலர் அதன்மேல் பெட்டியைச் சாய்த்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் நின்று பாருங்கள்.

1910 ஜூலை 8ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து கைதியாகக் கொண்டுவரப்பட்ட வி.டி. சாவர்க்கர், மோரியா என்ற கப்பலின் குறுகிய சாளரம் வழியாகக் குதித்து நீந்தி மார்சேய்க் கரையேறினார். பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு மண்ணில் பிடிபட்டவரை பிரிட்டன் எப்படி வைத்துக்கொள்ளலாம் என்ற வழக்கு தி ஹேக் நடுவர் மன்றம்வரை போய், 1911இல் பிரிட்டனுக்குச் சாதகமாக முடிந்தது. லண்டனில் அவரது தோழராக இருந்த வ.வே.சு. ஐயர் தப்பி வந்து சேர்ந்தது உங்கள் புதுச்சேரிக்குத்தான். 1931 செப்டம்பர் 11இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகளும் இங்கேதான் கப்பலிலிருந்து இறங்கி ரயில் ஏறினார்.

நேரில் பார்க்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றை நாங்கள் வற்புறுத்திச் சொல்வோம்: தெற்குப் புறநகரான மசார்கில் உள்ள போர்க் கல்லறை. முதல் உலகப்போரில் பிரிட்டனுக்காகப் போரிட வந்த இந்தியப் படைப்பிரிவுகள் 1914 செப்டம்பர் இறுதியில் மார்சேயில்தான் வந்திறங்கின. பருத்திச் சீருடையிலேயே வடக்கத்திய குளிருக்கு அனுப்பப்பட்டார்கள். இறந்தவர்களுக்கான இந்திய நினைவுச்சின்னம் அந்தக் கல்லறையில் 1925இல் திறக்கப்பட்டது. சுற்றுலா வரைபடங்கள் பலவற்றில் இது இருக்காது. மெட்ரோவும் பேருந்துமாக மாறிச் செல்ல வேண்டியிருப்பதால் ஒரு முற்பகலை ஒதுக்குங்கள்.

கேள்வி: சொகுசுக் கப்பல் பயணத்தில் மார்சேயில் எட்டு மணி நேரம் மட்டும் நிற்போம். என்ன பார்க்கலாம்?
– வாசகி, பினாங்கு, மலேசியா

பதில்: பெரிய கப்பல்கள் அணையும் முனையம் பழைய துறைமுகத்தில் இல்லை; பல கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இறங்கி, பேருந்தோ டாக்சியோ பிடித்து, திரும்பி வர இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும் என்பதையும் கழித்தால் கையில் நிற்பது ஐந்து மணி நேரம். இஃப் தீவை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே கடலில்தானே வருகிறீர்கள். முதலில் 60ஆம் எண் பேருந்தில் பேராலயம், பிறகு இறங்கி வந்து துறைமுகக் கரை, நேரம் இருந்தால் சேன் ஜான் கோட்டைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டாக்சியை மாலை நெரிசலுக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.